199 ரூபாய்க்கு ஒரு எண்

*#06# தட்டினால் 15 இலக்கம் வரும், அதுதான் ஐ.எம்.இ.ஐ. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, அது இல்லாத போன்களை 2009 நவம்பர் 30-க்குப் பின் துண்டிக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. சீனப் போன்காரர்கள் திண்டாடினார்கள். 199 ரூபாய்க்குக் கடையிலேயே எண் ஏற்றித் தந்தார்கள், அதுவும் செல்போன் கம்பெனிகள் சங்கத்தின் ஏற்பாட்டிலேயே!

2017 விதிகள் வந்ததும் தலைகீழ். தயாரிப்பாளர் தவிர யார் வேண்டுமென்றே எண்ணை மாற்றினாலும் குற்றம். 2023 சட்டப்படி 3 ஆண்டு சிறை, 50 லட்சம் அபராதம் வரை போகலாம்.

போன மாதம் என் போனில் மெமரி சிப் மாற்றினோம். அந்த எண் பழைய சிப்போடு போய்விட்டது, சிக்னலும் இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த அதே எண்ணைத்தான் எழுதச் சொன்னேன். திண்டுக்கல் கடைக்கார அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்: "தம்பி, சர்வீஸ் சென்டருக்கே போயிடு."