புழுங்கலரிசியும் புத்தி மாத்திரையும்

பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு மருந்துக்கடையிலே சென்ற மாதம் என் தமக்கையார் நாற்பது வெள்ளி கொடுத்து ஒரு போத்தல் மாத்திரை வாங்கினார். பரீட்சைக்குப் படிக்கும் மகனுக்குப் பாடத்தில் கவனம் நிற்க வேண்டுமாம். நான் தோட்டத்துக் கிராணி, ஆங்கிலம் படித்தவன். ஆகவே போத்தலின் மேலிருந்த பொடியெழுத்தைப் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. முதல் வரியிலேயே நின்றது தயாமின், அதாவது பி1 என்னும் உயிர்ச்சத்து. எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஏனெனில் அப்பொருளின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அக்கடைக்குச் சில மைல் தூரத்தில், கோலாலம்பூரில் நடந்தது. அதில் நம்மவர் சோற்றுப் பானைக்கும் பங்குண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஏராளமாக மாண்டனர். அதே மண்ணில், அதே வெயிலில் உழைத்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. காரணம் யாது? நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன், சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதைக் கண்டு 1907-இல் நூலெழுதினார். நோய்க்கு அரிசியே காரணம் என்றது சரி. அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கொண்டது தவறு.

இதனைச் சோதித்தவர் டாக்டர் பிளெட்சர். சோதனை நடந்த இடம் எது தெரியுமா? கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அக்காலப் பெயர் அது. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றை எண்ணினர் ஒரு கட்டிடத்துக்கும், இரட்டை எண்ணினர் எதிர்க் கட்டிடத்துக்கும் அனுப்பப்பட்டனர். ஒரு சாராருக்குச் சயாம் பச்சரிசி. மறு சாராருக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. குற்றம் கட்டிடத்தினுடையதோ என்று ஐயுற்று, நடுவே இரு சாராரையும் இடம் மாற்றியும் பார்த்தனர். 1906 முடிவில் கணக்கு இது: பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; அவர்களில் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். இறந்தவர் எவருமில்லை.

தங்களைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதை அறியவும், மறுக்கவும் வழியற்றோர் அந்தப் பதினெண்மர். போத்தலின் மேல் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பின்னர், 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், காட்டில் சாலை போட்ட 300 ஜாவாத் தொழிலாளரிடம் இதையே மீண்டும் சோதித்தனர். இயந்திரம் தீட்டித் தள்ளும் தவிட்டிலேதான் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினர். அப்பொருளை 1926-இல் ஜாவாவிலிருந்த டச்சுக்காரர் இருவர் தவிட்டினின்று தனியே பிரித்தெடுத்தனர். 1936-இல் அதனைச் செயற்கையாகச் செய்துகாட்டிய வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்தது, அந்நாள் சென்னை மாகாணத்து நெல்லூரில். நெல்லின் பெயர் தாங்கிய ஊர்!

இதைக் கேட்டவுடன், “பார்த்தீரா, நம் முன்னோர் உயிர்ச்சத்தை அன்றே அறிந்திருந்தனர்” என்று மார்தட்டுவோர் நம்மிடையே உண்டு. அறிந்திருக்கவில்லை. நெல்லை அவித்துக் காயவைத்தால் குத்தும்போது நொய்யாகாது, நாள்பட இருக்கும். அதற்காகவே அவித்தனர். அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரோடு அரிசிக்குள் இறங்கித் தங்கிவிட்டது தற்செயல். நம் இரத்தத்திலும் தனிக்காப்பு எதுவுமில்லை. 1942 முதல் 1945 வரை சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட நம் தோட்டத் தமிழர், தீட்டிய அரிசியை அரைவயிற்றுக்கு உண்டு வாடியபோது அவர்களையும் பெரிபெரி விட்டுவைக்கவில்லை.

சரி, கவனத்துக்கும் இதற்கும் தொடர்பு என்ன? தொடர்பு மெய்யே. மூளையானது உடலின் எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. சர்க்கரையை ஆற்றலாக மாற்றத் தயாமின் வேண்டும். அது அறவே குறைந்தால் மனம் குழம்பும், ஞாபகம் அழியும். ஆனால் நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். பருப்பும் பயறும் சோறும் உண்ணும் பிள்ளைக்கு அது பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. மிகுதியை உடல் சிறுநீரில் வெளியேற்றிவிடும். குறையுள்ளவனுக்கு அம்மாத்திரை உயிர். குறையில்லாதவனுக்கு அதனால் கவனம் கூடுவதில்லை. கடைக்காரர் முதற்பாதியைச் சொல்லி மறுபாதியை விழுங்கிவிடுகிறார். வல்லாரைப் போத்தல் விற்போர் மட்டும் யோக்கியரோ என்றால், அதுவும் இல்லை.

தமக்கையாரிடம், “பிள்ளை காலையில் என்ன சாப்பிடுகிறான், அக்கா?” என்று கேட்டேன். ஐந்தரை மணிக்கே பஸ்ஸுக்கு ஓடுகிறவன் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். இரவு பதினொன்று வரை டியூஷனாம். கவனம் எங்கிருந்து நிற்கும்?

இப்போது அவர் நாலரைக்கு எழுந்து இட்டலி அவிக்கிறார். மாவுக்கு ஊறப்போடுவது புழுங்கலரிசிதான். போத்தலில் இன்னும் பாதி மாத்திரை மீதி. நாற்பது வெள்ளியை எறிய மனம் வராமல், இட்டலித் தட்டின் ஓரத்தில் தினம் ஒன்று வைத்துக் கொடுக்கிறார்.