பத்து டாலர் நிலமும் ஐயாயிரம் டாலர் நிலமும்

கனடாவில் சஸ்காட்செவன் என்று ஒரு மாகாணம். சாட்டிலைட் மேப்பில் அதோட தெற்குப் பக்கத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க. எக்ஸெல் ஷீட்டைத் தூக்கி பூமி மேல ஒட்டின மாதிரி கட்டம் கட்டமா வயல். நேர்கோடு எதைப் பார்த்தாலும் 'இதை எவன்டா டிசைன் பண்ணினான்'னு தேடற வியாதி எனக்கு உண்டு. ஆபீஸ்ல பில்ட் ஓடற நேரத்துல எல்லாம் இதைத்தான் நோண்டிக்கிட்டு இருந்தேன் (மேனேஜர் இங்கெல்லாம் வரமாட்டார்ங்கற தைரியம்). அப்படிச் சிக்கினதுதான் ஜார்ஜினா பின்னி-கிளார்க் கதை.

அம்மணி இங்கிலாந்துக்காரர். பிறந்தது 1871. கல்யாணம் ஆகலை. அங்கே விவசாயம் பார்க்கப் போயிருந்த சகோதரரைப் பார்க்க 1905ல் சஸ்காட்செவன் வந்தவர், ஊர் திரும்பாம ஃபோர்ட் க்வாப்பெல் பக்கத்தில் 320 ஏக்கர் வாங்கி கோதுமை போட ஆரம்பிச்சுட்டார். விலை சுமார் 5,000 டாலர். அந்த அனுபவத்தை 1914ல் 'வீட் அண்ட் வுமன்' என்று புத்தகமாவும் போட்டார்.

இதுல என்ன விசேஷம்னு கேக்கறீங்களா? 18 வயசு தாண்டின எந்த ஆம்பளையும் அந்த வருஷம் லேண்ட் ஆபீசுக்குப் போய் 10 டாலர் கட்டினா 160 ஏக்கர் கிடைச்சிருக்கும். 1872ல் வந்த டொமினியன் லேண்ட்ஸ் சட்டம் அது. மூணு வருஷம் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, சொன்ன அளவு நிலத்தை உழுது காட்டினா பட்டா உங்க பேருக்கு. ஏக்கருக்கு ஆறேகால் சென்ட். ஜார்ஜினா கொடுத்தது ஏக்கருக்கு 15 டாலருக்கு மேல. கணக்குப் போட்டுப் பார்த்தா 250 மடங்கு! வீடு, ஏற்கெனவே உழுத நிலம் எல்லாம் சேர்த்துதான் அந்த விலை, ஒத்துக்கறேன். ஆனா இலவச வரிசையில நிக்கவே அவருக்கு உரிமை கிடையாது. குடும்பத் தலைவியா இருந்தா, அதாவது சின்னப் பிள்ளைகளை வெச்சிருக்கிற விதவை மாதிரி இருந்தா மட்டும்தான் பெண்ணுக்கு நிலம்.

அம்மணி சும்மா விடலை. ஒட்டாவா வரைக்கும் போய் வாதாடினார். நிலத்தை விளைய வைக்கத்தான் இலவசமாத் தர்றோம், தனிப் பெண் கையில கொடுத்தா அது நடக்காதுங்கறது அரசாங்கத் தரப்பு. கோதுமை விளைச்சு வித்துக்கிட்டு இருக்கிற ஆள்கிட்டயே இதைச் சொல்றாங்க பாருங்க! 1930ல் நிலம் மாகாணங்கள் கைக்குப் போகிற வரைக்கும் அந்த மத்திய சட்டம் மாறவே இல்லை.

சரி, ஊருக்கெல்லாம் 160 ஏக்கர் தூக்கிக் கொடுக்க கவர்மென்ட்டுக்கு அவ்வளவு நிலம் எங்கிருந்து வந்தது?

ஹட்சன்ஸ் பே கம்பெனி. 1670ல் இங்கிலாந்து ராஜா ஒரு சாசனம் எழுதி, அந்த வடக்குப் பிரதேசத்தையே இந்தக் கம்பெனிக்குன்னு கொடுத்துட்டார். (நம்ம கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பங்காளின்னு வெச்சுக்கங்க. 2025ல்தான் கடைசிக் கடையையும் மூடினாங்க.) 1870ல் கனடா அரசு அதை மூணு லட்சம் பவுண்டுக்கு வாங்கிச்சு. கம்பெனி பணத்தோட விடலை. வளமான மண் இருக்கிற பகுதி முழுசுலயும் இருபதில் ஒரு பங்கு எங்களுக்குன்னு எழுதி வாங்கிக்கிச்சு.

இந்த இருபதில் ஒரு பங்கை எப்படிப் பிரிச்சாங்கங்கறதுதான் நான் ரசிச்ச இடம். ஆறு மைல் நீளம் ஆறு மைல் அகலம் ஒரு டவுன்ஷிப். அதுக்குள்ள 36 செக்‌ஷன், ஒவ்வொண்ணும் 640 ஏக்கர். ஒவ்வொரு டவுன்ஷிப்லயும் 8ம் நம்பர் செக்‌ஷன் முழுசும், 26ம் நம்பர்ல முக்காலும் கம்பெனிக்கு. ஆனா அப்படிக் கூட்டினா இருபதில் ஒண்ணுக்குக் கொஞ்சம் குறையுது. அதனால ஒவ்வொரு அஞ்சாவது டவுன்ஷிப்லயும் 26 முழுசா கம்பெனிக்கு! அஞ்சு டவுன்ஷிப்ல 180 செக்‌ஷன், அதுல கம்பெனிக்கு 9. கச்சிதமா இருபதில் ஒண்ணு. லீப் வருஷ லாஜிக்கேதான். எந்தப் புண்ணியவான் இதை யோசிச்சானோ, இன்னிக்கு இருந்தா எங்க டீம்ல சேர்த்துக்கலாம் :-) 11, 29 பள்ளிக்கூடங்களுக்கு. மிச்ச ஒற்றைப்படை நம்பர் பெரும்பாலும் ரயில்வேக்காரங்களுக்கு. கனடியன் பசிபிக் ரயில்வேக்கு மட்டும் 1881 ஒப்பந்தப்படி இரண்டரைக் கோடி ஏக்கர். பத்து டாலர்காரங்களுக்கு இரட்டைப்படை.

லாஜிக் எல்லாம் அழகுதான். ஆனா இந்த 36 கட்டத்துல, அங்கே ஏற்கெனவே இருந்த க்ரீ, சோட்டோ மக்களுக்கு எந்த நம்பரும் இல்லை.

1874 செப்டம்பர்ல, ஜார்ஜினா பின்னாடி வந்து நிலம் வாங்கின அதே ஃபோர்ட் க்வாப்பெல்லதான் நாலாம் உடன்படிக்கைப் பேச்சு நடந்தது. பாஸ்க்வாங்கற தலைவர் கம்பெனி ஆளைக் காட்டி, இந்த நிலத்தை மூணு லட்சம் பவுண்டுக்கு வித்ததாச் சொல்றீங்களே, அந்தப் பணம் எங்களுக்கு வேணும்னார். அரசாங்கப் பிரதிநிதி மாரிஸ் தன் கையாலயே பின்னாடி பதிப்பிச்ச விவரம் இது. அந்தப் பணம் வரலை. தலைக்கு வருஷத்துக்கு 5 டாலர், அஞ்சு பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் ரிசர்வ் நிலம்னு முடிஞ்சது. நூறு வருஷம் தாண்டியும் அந்த 5 டாலர் 5 டாலராவே இருந்தது.

1876 இந்தியன் சட்டப்படி அவங்க பத்து டாலர் நிலத்துக்கு மனுப் போடவும் முடியாது. ரிசர்வ்ல விளைஞ்சதை வெளிய விக்கணும்னா ஏஜென்ட்கிட்ட அனுமதிச் சீட்டு. 1889ல் இன்னொரு கூத்து: மிஷின் எல்லாம் உங்களுக்கு எதுக்கு, சின்னதா நிலம் வெச்சுக்கிட்டு கைக்கருவியால விவசாயம் பண்ணுங்கன்னு அரசாங்கக் கொள்கையே வந்தது. பக்கத்து வயல்ல வெள்ளைக்காரர் மிஷின் வெச்சு அறுத்துக்கிட்டு இருக்கார். அப்புறம் 'இவங்களுக்கு விவசாயம் வராது, நிலம் சும்மா கிடக்குது'ங்கற பேச்சு.

மண் அப்படி. நம்ம கரிசல் மாதிரி கறுப்புத்தான், ஆனா வேற ஜாதி. குளிர்ல புல்வேர் ஆயிரக்கணக்கான வருஷமா மக்கி மக்கிக் கறுத்த மண், பேர் செர்னோசெம். பிரச்சினை மண்ணுல இல்லை, காலண்டர்ல. கதிர் முத்தறதுக்குள்ள உறைபனி விழுந்துடும். அதைத் தாண்ட உதவினது மார்க்விஸ்ங்கற கோதுமை. சார்லஸ் சாண்டர்ஸ் 1904ல் தேர்ந்தெடுத்தது, 1907ல் க்வாப்பெல் பக்கத்து இந்தியன் ஹெட் பண்ணையில சோதிச்சது. பழைய ரகத்தைவிட ஒரு வாரம் முன்னாடியே விளையும். இதோட பெற்றோர்ல ஒண்ணு 'ஹார்ட் ரெட் கல்கட்டா', நம்ம இந்தியாவிலிருந்து போன கோதுமை! கனடாவோட கோதுமைப் பெருமையில பாதி ரத்தம் நம்ம பக்கம்னு காலர் தூக்கிக்கலாம்.

மண்ணுக்கு மவுசு ஏற ஏற ரிசர்வ் மேலயும் கண்ணு விழுந்தது. அதே க்வாப்பெல் பள்ளத்தாக்குல காக்கேவிஸ்டஹாவ்னு ஒரு தலைவர், நிலத்தை விக்கவே மாட்டேன்னு கடைசி வரை நின்னவர், 1906ல் இறந்தார். 1907 ஜனவரில அவர் மக்கள்கிட்ட ஓட்டெடுத்தாங்க. முடியாதுன்னாங்க. அஞ்சே நாள் கழிச்சு மறுபடியும் ஓட்டு. இந்தத் தடவை 'சம்மதம்'. கையில ரொக்கத்தோட அதிகாரி, வெளிய ஜனவரிக் குளிர். ரிசர்வ்ல சுமார் 70 சதவீதம், 33,000 ஏக்கருக்கு மேல, போச்சு. அந்த வழக்கு 2002ல்தான் ஒன்பது கோடி டாலருக்கு மேல இழப்பீடு கொடுத்து முடிஞ்சது.

இன்னிக்கு அங்கே நிலம் வாங்கலாமான்னு யாராச்சும் கால்குலேட்டரை எடுத்திருந்தா கீழே வெச்சிடுங்க. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவங்க சஸ்காட்செவன்ல 10 ஏக்கருக்கு மேல விவசாய நிலம் வெச்சுக்க முடியாது. உடன்படிக்கைப்படி வரவேண்டிய நிலமே முழுசா வராத பூர்வகுடிகளுக்கு 1992ல் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. நிலமா இல்லை, பணமா. அதை வெச்சு வெளிச்சந்தையில, விக்க மனசிருக்கிற ஆளாத் தேடி, இன்னிக்கு விலைக்கு ஏக்கர் ஏக்கரா வாங்கிக்கணும்.