சேலம் தட்டுவடை செட்: பொம்மிடியில் இருந்து ரயில் ஏறினால் எங்கே சாப்பிடலாம்? எதைப் பார்த்து வாங்கணும்?

சாண்ட்விச் என்றதும் ரெண்டு ரொட்டித் துண்டும் நடுவில் காய்கறியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரொட்டியே இல்லாத ஒரு சாண்ட்விச் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் சேலத்தின் தட்டுவடை செட். மொறுமொறுன்னு ரெண்டு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், ரெண்டு வகை சட்னி. அப்படியே எடுத்து ஒரே வாயில் போட வேண்டியதுதான்.

தர்மபுரி மாவட்டம் பொம்மிடியில் இருந்து ரயில் ஏறினால் லோக்கூர், டேனிஷ்பேட்டை, கருப்பூர் தாண்டி சேலம் ஜங்ஷன் வந்துவிடும். ஆஸ்பத்திரி, காலேஜ், ஜவுளி என்று ஏதாவது வேலையாக சேலம் போகிறவர்கள் மாலை ரயிலுக்கு முன்னால் ஒரு பிளேட் செட் சாப்பிட்டு வருவது வழக்கம். எந்தப் பகுதியில் சாப்பிடலாம், நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைத் தவிர்க்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

தட்டுவடை செட் என்றால் என்ன?

அரிசி மாவு, உளுந்து மாவு அல்லது பொட்டுக்கடலை மாவு, ஊற வைத்த கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, சின்ன உருண்டையைத் தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரித்தால் தட்டுவடை. மற்ற ஊர்களில் இதையே தட்டை என்பார்கள். கர்நாடகத்தில் நிப்பட்டு, ஆந்திராவில் செக்கலு. இலங்கையில் பருத்தித்துறை வடையும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான்.

செட்டுக்கு என்று தட்டுவதை உள்ளங்கையை விடச் சின்னதாகத் தட்டுவார்கள். ஒரு வடையில் காரச் சட்னியும் இன்னொன்றில் புதினா-கொத்தமல்லி சட்னியும் தடவி, நடுவில் காய்கறித் துருவலை வைத்து மூடினால் ஒரு செட். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் அது முறுக்கு செட். பூண்டு, மாங்காய் என்று சுவைக்குத் தகுந்த மாதிரி பெயரும் மாறும். முறுக்கை நொறுக்கி வெங்காயம், சட்னி போட்டுக் கலக்கினால் நொறுக்கல். பொரியில் கலந்தால் காரப்பொரி.

உலகத்திலும் இதே கதைதான்

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் மாண்டேகு, சாண்ட்விச் என்ற ஊரின் பிரபுப் பட்டம் பெற்றவர். அவர் பட்டத்தில் இருந்துதான் இந்தப் பெயர் வந்தது. ஆனால் கையில் பிடித்துச் சாப்பிடும் இந்த முறை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வடிவம் எடுத்திருக்கிறது.

மத்தியதரைக் கடல் ஓரத்தில் உள்ள பிரான்சின் நீஸ் நகரில், வட்ட ரொட்டிக்குள் சூரை மீன், முட்டை, தக்காளி வைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். பெயர் பான் பன்யா. இத்தாலியின் பலேர்மோவில் மாட்டு மண்ணீரலை வேக வைத்து ரொட்டிக்குள் வைக்கிறார்கள். துனிசியாவின் துனிஸ் நகரில் பொரித்த ரொட்டிக்குள் ஹரிசா என்ற மிளகாய் விழுதைத் தடவுகிறார்கள். இந்த ஹரிசா 2022-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம் பிடித்தது. நம்ம நாட்டில் மும்பைக்கு வடா பாவ், குஜராத்தின் கட்ச் பகுதிக்கு தாபேலி.

இவை எல்லாமே வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி, குறைந்த காசில், கையிலேயே சாப்பிடுகிற சாப்பாடு. சேலத்திலும் தட்டுவடை செட் தெருவோரத் தள்ளுவண்டியில்தான் அதிகம் கிடைக்கிறது.

சேலத்தில் எந்தப் பகுதியில் சாப்பிடலாம்?

தட்டுவடை செட்டுக்கு ஒரே ஒரு "ஒரிஜினல் கடை" என்று எதையும் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு கடை, கடைக்குக் கடை சட்னி மாறும். அதனால் பகுதி வாரியாகப் பார்ப்பதுதான் நல்லது.

* பட்டைக்கோயில், சின்னக்கடை வீதி: சேலத்தின் பழைய கடைவீதிப் பகுதி. பழைய பேருந்து நிலையத்தில் இருந்து பக்கம். துணி, பாத்திரம் வாங்க வருகிறவர்கள் அப்படியே செட் சாப்பிட்டுப் போகும் இடம். முதல் முறை சாப்பிடுகிறவர்கள் இங்கே தொடங்கலாம்.

* அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை: நெசவாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதிகள். இங்கே செட் வீட்டுப் பக்கத்துத் தின்பண்டம். தெரு முனைக் கடைகளில் சேலத்துக்காரர்களோடு நின்று சாப்பிடலாம்.

* குகை, செவ்வாய்பேட்டை: லீ பஜார் மொத்த விற்பனைச் சந்தை இருக்கிற பக்கம். சந்தை வேலையாக வருகிறவர்களுக்கு இதுதான் வசதி.

* சாரதா கல்லூரி சாலை, ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் சுற்றுப்பகுதி: மாணவர்களும் குடும்பங்களும் வரும் புது நகரப் பகுதி. ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ நேரம் குறைவாக இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே முடித்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான வண்டிகள் மாலையில்தான் களைகட்டும். காலை ரயிலில் போய் மதியமே திரும்புகிறவர்கள் ஏமாற வாய்ப்பு உண்டு. காரம் அதிகம் ஆகாதவர்கள் முன்பே "அண்ணா, காரம் கம்மியா போடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. சட்னி தடவிய பிறகு சொல்லிப் பயன் இல்லை.

நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

செட்டில் வடையைத் தவிர எதுவும் சூடாகச் சமைப்பது இல்லை. பச்சைக் காய்கறி, பச்சையாக அரைத்த சட்னி, அதை எடுத்து வைக்கிற கை. இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால்தான் வயிறு தப்பும். ருசி பார்க்கும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்.

* துருவல் மூடி இருக்கிறதா? சாலைத் தூசியும் ஈயும் படுகிற மாதிரி திறந்து கிடந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

* கூட்டம் இருக்கிறதா? சீக்கிரம் விற்றுத் தீர்கிற கடையில் சட்னியும் துருவலும் புதிதாக இருக்கும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கிருமிகள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் வேகமாகப் பெருகும். சேலம் வெயிலில் இது ரொம்ப முக்கியம்.

* சட்னி நிறம் இயல்பாக இருக்கிறதா? பீட்ரூட்டும் மிளகாயும் தருவது அடர் சிவப்பு. கண்ணைப் பறிக்கிற பளீர் நிறம் என்றால் சந்தேகப்படலாம். ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும்.

* எண்ணெய் வாடை அடிக்கிறதா? தட்டுவடையில் சிக்கு வாடை வந்தால் பழைய எண்ணெயில் பொரித்தது அல்லது வடை பழையது என்று அர்த்தம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையில் இருந்து விதி.

* எதில் வைத்துத் தருகிறார்கள்? அச்சடித்த செய்தித்தாளில் உணவு வைத்துத் தர வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மை உணவில் ஒட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வாழை இலை, மந்தார இலை, கழுவிய எவர்சில்வர் தட்டு நல்லது.

மயோனைஸ் சாண்ட்விச்சோடு ஒப்பிட்டால்?

சின்ன ஊர்களிலும் இப்போது சாண்ட்விச், பர்கர், ஷவர்மா கடைகள் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பிறகு உடல்நலம் பாதிக்கப்பட்டு 14 வயது சிறுமி உயிரிழந்தது மாநிலத்தையே உலுக்கியது. அதன் பிறகு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்தது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்பு உண்டு என்பதே காரணம்.

தட்டுவடை செட்டில் மயோனைஸும் இல்லை, இறைச்சியும் இல்லை. அந்த வகையில் ஆபத்து குறைவு. அதற்காக முழுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. கழுவாத காய்கறியும் அசுத்தமான தண்ணீரும் வயிற்றுப்போக்கைக் கொண்டு வரும். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் பச்சைத் துருவல் சாப்பிடுவதில் கூடுதல் கவனம் தேவை. வடை எண்ணெயில் பொரித்தது, உப்பும் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஒரு பிளேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொம்மிடிக்குப் பார்சல் வாங்கலாமா?

செய்து முடித்த செட்டைப் பார்சல் வாங்காதீர்கள். சட்னி பட்ட சில நிமிடத்திலேயே வடை நமுத்துப் போயிடும். ரயிலில் ஊர் வந்து சேரும் வரை சட்னியும் வெப்பத்தில் கிடக்கும். வெறும் தட்டுவடையை மட்டும் வாங்கி வந்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். சட்னியை வீட்டிலேயே அரைத்து, காய்கறியை நன்றாகக் கழுவித் தோல் சீவித் துருவி, சாப்பிடும் நேரத்தில் செட் வையுங்கள். கடைசியில் எலுமிச்சை சில சொட்டு பிழிந்தால் செம ருசி.

சொந்தமாக வண்டி போட நினைக்கிறீர்களா?

தள்ளுவண்டியாக இருந்தாலும் உணவு விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-ன் கீழ் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்தால் 14 இலக்க எண் கிடைக்கும். அதை வண்டியில் தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும். வாடிக்கையாளர்களும் இந்த எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம், அதில் தப்பே இல்லை.

முதலீட்டுக்கு, நகர்ப்புறச் சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2020-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி முதல் கடன் 15,000 ரூபாய். அதைச் சரியாகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000 ரூபாய். அடமானம் தேவை இல்லை. சாலையோர வியாபாரிக்கான அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதற்கு அந்தந்தப் பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தை அணுக வேண்டும்.

சாப்பிட்டு உடம்பு சரியில்லாமல் போனால்?

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே உப்பு-சர்க்கரைக் கரைசல் குடிக்கத் தொடங்குங்கள். காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது போன்ற அறிகுறி இருந்தால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அவசரம் என்றால் 108. கடையின் சுத்தம் பற்றிய புகாரை அந்த மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் தரலாம். எந்தக் கடை, எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து வைத்திருந்தால் நடவடிக்கை எடுப்பது அவர்களுக்கும் சுலபம்.