டிப்போ வந்த வழி

உக்கடம் டிப்போ, சுங்கம் டிப்போ, ஒண்டிப்புதூர் டிப்போ. கோவையில் இவற்றுக்கு வழி கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். போக்குவரத்துக் கழகம் 'கிளை' என்கிறது, பத்திரிகைகள் 'பணிமனை' என்கின்றன. ஜனங்கள் வாயில் வருவதோ டிப்போதான். அது பிரெஞ்சுச் சொல்.

அப்படியானால் புதுச்சேரி வழியாக வந்ததா? இல்லை. ஹைதர், திப்பு படைகளில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். கொங்கு மண்ணிலும் போர்கள் நடந்தன. ஆனால் சொல்லை இங்கே இறக்கியவர்கள் அவர்களுடைய எதிரிகள். 1799இல் திப்பு வீழ்ந்து, கோவைச் சீமை கம்பெனி கைக்குப் போனது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஆங்கிலேயப் படையினர் தளவாடக் கிடங்குக்கு இந்தப் பிரெஞ்சுப் பெயரைப் புழங்க ஆரம்பித்திருந்தார்கள்.

மூலம், லத்தீனின் 'டெபாசிடும்': நம்பி ஒப்படைத்த பொருள். பிரெஞ்சில் அது தேய்ந்து, நடுவில் இருந்த 'ஸ்' மறைந்தது; கடைசி 'ட்' எழுத்தில் மட்டும் நின்றது. தமிழன் காதால் கேட்டதைப் பிடித்துக்கொண்டதால் நமக்கு டிப்போ. அதே லத்தீன் சொல்லை ஆங்கிலம் தனியாகவும் எடுத்து 'டெபாசிட்' ஆக்கியது. தேர்தலில் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காத வேட்பாளர் பறிகொடுப்பது டிப்போவின் உடன்பிறப்பைத்தான்!

பிரான்சில் வங்கியில் போடும் பணமும், ஒயின் புட்டியின் அடியில் தங்கும் வண்டலும் டிப்போதான். பாரிஸ் நீதிமன்ற வளாகத்துக் காவல் அறைகளுக்கும் அதே பெயர். அமெரிக்காவில் ரயில் நிலையம் டிப்போ ஆனது.

கொங்கில் அது முதலில் மரத்தோடு ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கு பம்பாய் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனது. வெட்டிய மரங்களை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்ஸ்லிப். வெட்டியதை அடுக்கி, எண் போட்டு, ஏலம் விடும் இடத்துக்கு வனத்துறை வைத்த பெயர் டிப்போ. சத்தியமங்கலத்தில் சந்தன மரத்துக்கென்றே ஒன்று உண்டு. கேஸ் அடுப்பு வருவதற்கு முன் தெருவுக்குத் தெரு விறகு டிப்போ இருந்தது.

பிறகு பஸ். 1931இல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். தனியார் பஸ்கள் நாட்டுடைமையாகி, 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. விறகுக் கடைகள் மறைய மறைய, டிப்போ என்றாலே பஸ் என்றாகிவிட்டது.

டிரைவர் வண்டியை ஒப்படைக்கிறார், கண்டக்டர் கலெக்‌ஷனைக் கட்டுகிறார். லத்தீன்காரன் சொன்ன பொருளுக்கு அமெரிக்க ரயில் நிலையத்தைவிட நம் பஸ் டிப்போதான் நெருக்கம்.

அடுத்த வாரம்: கல்யாணச் சீரோடு வரும் இன்னொரு பிரெஞ்சுச் சொல், பீரோ.