பெரிய சட்ட நிறுவனங்களில் பட்டியல் சாதியினர்: எண்ணிக்கையே கேட்கப்படாத துறை

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அப்பகுதியில் சட்டம் படித்து முடிக்கும் தலித் மாணவருக்கு முன் பொதுவாக இரு வழிகள் உள்ளன. ஒன்று, மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்வது. மற்றொன்று, நிறுவன இணைப்பு, வங்கிக் கடன், பங்கு வெளியீடு போன்றவற்றுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் பெரிய வணிகச் சட்ட நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்வது.

நீதிமன்றத்துக்கான வழி

முதல் வழியில் அண்மையில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது ரூ.20,000, பிற ஊர்களில் ரூ.15,000 உதவித்தொகை வழங்கச் சுற்றறிக்கை அனுப்புமாறு மாநில பார் கவுன்சிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. வழக்கறிஞர் பதிவுக்குப் பொதுப் பிரிவினரிடம் ரூ.750-க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் ரூ.125-க்கு மேலும் வாங்கக்கூடாது என 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிறுவனத்துக்கான வழி

இரண்டாவது வழியில் இத்தகைய மாற்றம் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 16(4) பிரிவு அரசுப் பணிகளுக்கே பொருந்தும். சட்ட நிறுவனங்களோ தனியார் கூட்டாண்மைகள். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடஒதுக்கீட்டால் நுழையும் மாணவருக்கு, வளாக நேர்காணலில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பயிற்சிக்காலத்தைப் பெறுவதில் ஆங்கிலமும் அறிமுகமும் பெரும்பங்கு வகிக்கின்றன. 2015-இல் அமர்சந்த் மங்கள்தாஸ் நிறுவனம் இரு சகோதரர்களின் தலைமையில் இரண்டாகப் பிரிந்தது, இத்துறையில் குடும்ப உரிமைக்கு உள்ள இடத்தைக் காட்டியது.

வெளிநாட்டு நிறுவனங்களின் வருகை

31 வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களுக்கு எதிராக ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில், வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கு வந்து தம் நாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை கூறித் திரும்பலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2012-இல் கூறியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் சில மாற்றங்களுடன் அதை ஏற்றது. அவர்கள் பதிவு செய்துகொண்டு நீதிமன்றம் சாராத பணிகளைச் செய்ய 2023-இல் இந்திய பார் கவுன்சில் விதிகள் வகுத்து, 2025 மே மாதம் திருத்தியது. அவ்விதிகள் பரஸ்பர உரிமையையும் பதிவுக் கட்டணத்தையும் பேசுகின்றன. பணியாளரின் சமூகப் பிரிவைப் பற்றிக் கேட்பதில்லை.

கோரிக்கை

இங்கிலாந்தில் ஒழுங்குமுறை ஆணையம், பணியாளரின் இனம், பெற்றோரின் தொழில், படித்த பள்ளியின் வகை உள்ளிட்ட விவரங்களைச் சட்ட நிறுவனங்களிடம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெறுகிறது. அமெரிக்காவில் இத்தகைய முயற்சிகள் பெரிதும் நிறுவனங்களின் விருப்பத்தைச் சார்ந்திருந்தன. 2025-இல் டிரம்ப் அரசு அழுத்தம் தந்ததும், பல பெரிய நிறுவனங்கள் பன்முகத்தன்மைத் திட்டங்கள் குறித்த அதன் நிபந்தனைகளை ஏற்றன. விருப்பத்தால் தரப்படுவது விருப்பம் மாறினால் பறிபோகும் என்பதே இதன் பாடம்.

எனவே பதிவுக்கு நிபந்தனை விதிக்கும் பார் கவுன்சில், பங்குதாரர், பணியாளர், பயிற்சி மாணவர் ஆகியோரின் சமூகப் பிரிவு வாரியான எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுவதையும் நிபந்தனையாக்க வேண்டும். பெயர்கள் தேவையில்லை, எண்ணிக்கை போதும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களிடம் இதே கேள்வியை மாணவர் அமைப்புகள் இன்றே எழுப்பலாம். தனியார் துறை இடஒதுக்கீட்டுக்கான வாதம் அந்த எண்ணிக்கையிலிருந்து வலுப்பெறும்.