கன்டோன்மென்ட் தையல் கடையிலிருந்து டிசைனர் மேடை வரை

பெங்களூர்த் தமிழர் வரலாற்றை எழுத வருபவர்கள் வழக்கமாகக் கல்வெட்டில் தொடங்குவார்கள். தொம்லூர்ச் சொக்கப்பெருமாள் கோயில் கல்வெட்டுகள், பிறகு படையோடு வந்தவர்கள், பிறகு கோலார் தங்கவயல், ரயில்வே, ஆலைகள், கடைசியில் கணிப்பொறி என்று அந்த வரிசை போகும். எல்லாம் சரிதான். ஆனால் இந்த ஊரில் யார் என்ன உடுத்தினார்கள், அதை யார் தைத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டால் நம் மலர்களில் பதில் கிடைப்பது அரிது. ஃபேஷன் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விவகாரம், அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணம் நமக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெங்களூரின் 'ஸ்டைல்' என்று இன்று பேசப்படுவதில் நம்மவர் கை நிறைய இருக்கிறது. அந்தக் கைக்குப் பெயர்தான் இல்லை.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு மருவூர்ப்பாக்கம் நினைவிருக்கும். புகாரின் அந்தப் பகுதியில் குடியிருந்த தொழிலாளரை அடுக்கிச் சொல்லும் இளங்கோவடிகள், நெய்பவரான காருகரை ஓரிடத்திலும், தைப்பவரான துன்னகாரரை வேறோர் இடத்திலும் தனித்தனியே குறிப்பிடுகிறார். இந்தியர் தைத்த உடையே அறியாதவர்கள், முஸ்லிம்களும் ஐரோப்பியரும் வந்துதான் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வோருக்கு இந்த ஒரு சொல் போதும். துன்னகாரர் என்ற சொல் வழக்கொழிந்து போனதும், தர்ஜி, டெய்லர் என்ற சொற்கள் வந்து அமர்ந்ததும் வேறு கதை.

1799இல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை, அங்கே காய்ச்சல் தாங்காமல் 1809இல் பெங்களூருக்கு வந்தது. அல்சூர் ஏரியை ஒட்டி எழுந்ததுதான் கன்டோன்மென்ட். கன்னடியர் வாழ்ந்த பழைய நகரம் பேட்டை, இது 'தண்டு'. படை சென்னை மாகாணத்துப் படை. ஆகவே அதன் பின்னால் வந்த பட்லர், சமையற்காரர், குதிரைக்காரர், வண்ணார், கொத்தனார், தையற்காரர் ஆகியோரில் தமிழ் பேசியவர்களே மிகுதி. 1896இல் இளம் குதிரைப்படை அதிகாரியாக இங்கே வந்த வின்ஸ்டன் சர்ச்சில், தம் இளமைக் கால வரலாற்றில், உடுப்பையெல்லாம் 'டிரெஸ்ஸிங் பாய்' கையில் ஒப்படைத்துவிட்டால் கவலையில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பெங்களூர் கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய்க் கடனை எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்குப் பொத்தான் தைத்துப் பூட்ஸ் துடைத்துக் கொடுத்த பையன் யார் என்று எவரும் கேட்பதில்லை.

வந்தவர்களில் பலர், சொந்த ஊரில் மேல்துண்டு போட்டுத் தெருவில் நடக்கவும் வழியில்லாத குலங்களில் பிறந்தவர்கள் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். எது உடுக்கலாம் என்பது ரசனையால் முடிவாகாத காலம் அது. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராடினார்கள். 1859இல்தான் அரசர் அனுமதித்தார், அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணிகிற முறையில் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த நூற்றாண்டிலேயே கன்டோன்மென்ட்டில் ஒரு பட்லர் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக நிமிர்ந்து நடந்தார். அந்தக் கோட்டு துரைக்குச் சேவகம் செய்யக் கொடுத்த கோட்டுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய் இறங்கியபோது அது வேறொன்றாக ஆகியிருக்கும்.

இன்று கமர்சியல் தெருவுக்குப் போகிறவர்கள் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் கவனிக்கலாம். பக்கத்திலேயே நாராயண பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு, மீனாட்சி கோயில் தெரு. சவுத் பரேடில் (1948இல் அது மகாத்மா காந்தி சாலை ஆயிற்று) கண்ணாடி வைத்த பெரிய கடைகள். அவற்றின் பின்னாலிருந்த சந்துகளில்தான் தையல். பெயர் பெற்றவர்களும் உண்டு. 1923இல் தொடங்கிய பி.என்.ராவ் கடை முதலில் ஆங்கிலேயச் சீமாட்டிகளுக்கு உடை தைத்து, சுதந்திரத்துக்குப் பின் ஆண்களின் சூட்டுக்கு மாறி, இன்றும் நடக்கிறது. பெரும்பாலான கடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிவாஜிநகரில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு தையற்காரரைப் பார்த்துப் பேசினேன். கடை பத்தடிக்கு எட்டடி. மகன்கள் யாரும் இந்தத் தொழிலில் இல்லை.

"அப்பா காலத்துல துரை பங்களாவுக்கே போய், வராந்தாவுல மிஷினைப் போட்டுத் தைப்பாங்க சார். துரைசானி சீமைப் புஸ்தகத்தைப் பிரிச்சுப் படத்தைக் காட்டுவாங்க. எழுதியிருக்கிறது என்னன்னு நமக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தே வெட்டிடணும்" என்றார்.

லண்டனில் வந்த புதுப் பாணி, படமாகப் பெங்களூருக்கு வந்து, ஆங்கிலம் தெரியாத ஒருவர் கண்ணில் புகுந்து, இந்த ஊர் வெயிலுக்கும் கிடைக்கிற துணிக்கும் ஏற்ற மாதிரி மாறி வெளியே வந்தது. கை எவ்வளவு இறக்கம், கழுத்து எவ்வளவு திறப்பு, எங்கே உள்தையல் விடுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். இதற்கு இன்று 'டிசைன்' என்று பெயர்; இதைச் செய்கிறவருக்கு மேடையில் கைதட்டல் உண்டு. அன்றைக்கு அது கூலி.

பெரியவர் தம் பழைய அளவு நோட்டுகளைக் காட்டினார். மார்பு, இடுப்பு, தோள், கை, கழுத்து என்று கட்டம் கட்டமாக எண்கள். ஓரத்தில் சிறு குறிப்புகள்: இடது தோள் அரை அங்குலம் இறக்கம், கொஞ்சம் கூன், சொல்லவேண்டாம், தொப்பைக்கு விட்டுத் தைக்கவும். நகரத்துக் கனவான்கள் பலருடைய உடம்பின் வரலாறு அந்த நோட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. வெட்டிய கட்டிங் மாஸ்டர், ஹெம்மிங் செய்தவர், காஜா எடுத்த பையன் ஆகியோர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுன்னு மருமக சொல்லுது" என்று சிரித்தார். நம் வீடுகளிலோ தெரிந்த கடைகளிலோ இப்படி நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

துணியின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1884இல் தொடங்கிய பெங்களூர் உலன், காட்டன் அண்டு சில்க் மில்ஸை நாம் 'பின்னி மில்' என்றே அறிவோம். நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்ட ஆலை. பட்டுப்பூச்சி வளர்ப்பை மைசூர் அரசில் ஊன்றியவர் திப்பு. நூறு ஆண்டு கழித்து அது நலிந்திருந்தபோது ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய நிபுணர்களை வரவழைத்துப் பசவனகுடிப் பக்கம் பட்டுப் பண்ணை வைத்தார். அந்த இடத்துக்கு இன்றும் டாடா சில்க் ஃபார்ம் என்றே பெயர். 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் பட்டு ஆலை வந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. காஞ்சிபுரம் பட்டு எங்கள் பட்டு என்று கல்யாண வீடுகளில் மார்தட்டுகிறோம். நெசவு காஞ்சிபுரம், ஆனால் அந்தத் தறிகளுக்குப் போன மல்பெரிப் பட்டு நூலில் பெரும்பங்கு கர்நாடகத்து நூல், ஜரிகையோ சூரத்து ஜரிகை. காவிரித் தண்ணீருக்கு வழக்கு நடந்தபோதும் நூல் நிற்காமல் போய்க்கொண்டுதான் இருந்தது.

உடையை ஒரு சொல்லாகப் பேசவைத்தவர் காந்தியடிகள். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1927இல் உடல் நலிந்து நந்தி மலையிலும் பெங்களூர் குமாரபார்க்கிலும் ஓய்வெடுத்தபோது, ஜூலையில் இங்கே நடந்த கதர்க் கண்காட்சியைத் திறந்துவைத்தார். ராஜாஜி உடனிருந்தார். வெள்ளைக்காரர் கண்டோன்மென்ட்டுக்கு இவ்வளவு அருகில் முரட்டுக் கதருக்குக் கண்காட்சி என்பது சாதாரணமா? அதே ஊரில் சர் எம்.விசுவேசுவரய்யா மடிப்புக் கலையாத சூட்டும் மைசூர்த் தலைப்பாகையுமாக இருந்தார். இரண்டு உடையும் இந்த ஊருக்குப் பொருந்தின.

தன்னை அழகாகக் காட்டிக்கொள்ளும் ஆசையைக் கைப்பேசிக் காலத்துப் பிள்ளைகளின் வியாதி என்று நாம் குறைசொல்கிறோம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜி.கே.வேல் போன்ற ஸ்டுடியோக்களில் எடுத்த படங்கள் இருக்கும். இரவல் கோட்டு, கையில் கட்டாத கடிகாரம் தெரியும்படி மடித்த கை, பின்னால் வரைந்த மாடிப்படி. தாத்தாவுக்கும் அந்த ஆசை இருந்தது. ஃபிலிமுக்குக் காசு அதிகம், அவ்வளவே.

ஆடம்பரத் துணியே இல்லாமலும் ஸ்டைல் வரும் என்று காட்டியவரும் இந்த ஊர்க்காரர்தான். 1950இல் பெங்களூரில் பிறந்து, இங்கே பஸ் கண்டக்டராகக் காக்கி உடுப்பில் டிக்கெட் கிழித்த சிவாஜி ராவ், 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்த் ஆனார். ஸ்டைல் என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ச் சொல்லே ஆகிவிட்டது அவரால். அரசு கொடுத்த சீருடைக்குள்ளும் ஒரு மனிதன் தனக்கென்று ஒரு நடையை வைத்துக்கொள்ள முடியும்.

உடை நம்மைக் காட்டிக்கொடுத்த காலமும் வந்தது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் கலவரம் மூண்டது. வேட்டி கன்னடியருக்கும் பொதுதான். அவர்கள் பஞ்செ என்பார்கள். ஆனால் கரைவேட்டி பொதுவல்ல, அதன் கரையே ஊரைச் சொல்லிவிடும். எங்கள் வீட்டில் கரைவேட்டிகள் பெட்டிக்கு அடியில் போயின. மல்லிகைப்பூ வைக்காதே, வெளியே போனால் வாய் திறக்காதே என்று பெண்களுக்குச் சொன்னார்கள். பேன்ட் போடாத என் பெரியப்பா அந்த வாரம் முதன்முறையாகப் பேன்ட் போட்டார். யாரோ ஒருவருடைய பேன்ட், இடுப்பில் நிற்கவில்லை. பிறகு அமைதி வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் எங்களுக்கு வாசல்படியாக நின்றதையும் மறக்கவில்லை. ஆனால் உடையைத் தேர்வது என் சொந்த விருப்பம் என்று யாராவது எளிதாகச் சொன்னால் அந்தப் பேன்ட்தான் என் நினைவுக்கு வருகிறது.

ஐந்து ஆண்டுகளில் ஊரே மாறியது. 1996 நவம்பர் 23 அன்று சின்னசாமி ஸ்டேடியத்தில் உலக அழகிப் போட்டி நடந்தது. விவசாயிகளும் பெண்கள் அமைப்புகளும் எதிர்த்தார்கள். நீச்சலுடைச் சுற்று சீஷெல்ஸ் தீவுக்குப் போயிற்று. மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்து இறந்தார். மறு ஆண்டே தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் இங்கே கிளை திறந்தது. 2000இல் டெல்லியில் நாட்டின் முதல் ஃபேஷன் வாரம். பிரசாத் பிதப்பா நிகழ்ச்சிகளை நடத்தி மாடல்களை உருவாக்கினார்; மனோவிராஜ் கோஸ்லா, தீபிகா கோவிந்த் போன்ற டிசைனர்கள் பெயர் பெற்றார்கள். 2008இல் விட்டல் மல்லையா சாலை யு.பி. சிட்டியில் பாரிஸ் பைகளும் வந்துவிட்டன. இவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. கைத்தறியை மேடையேற்றியவர்கள் இவர்களில் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது 1974இல் சிமி நஞ்சப்பாவும் மகள் பவித்ரா முத்தையாவும் தொடங்கிய விமோர். பழைய சேலைகளின் கரைகளையும் புட்டாக்களையும் தேடிப்பிடித்து, நெசவாளரிடம் கொடுத்து மறுபடியும் நெய்யவைத்தார்கள். நெய்பவருக்கும் உடுப்பவருக்கும் நடுவில் இவ்வளவு அடக்கமாக நின்றவர்கள் குறைவு.

மேடை ஒரு பக்கம் என்றால் ஏற்றுமதி ஆலைகள் இன்னொரு பக்கம். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை எங்கும் ஆலைகள்; மிஷின் முன்னால் பெரும்பாலும் பெண்கள். 2005இல் உலக வாணிகத்தில் ஆடைகளுக்கான கோட்டா முறை முடிந்ததும் வெளிநாட்டு ஆர்டருக்குப் போட்டி இன்னும் கூடியது. கன்டோன்மென்ட் தையற்காரர் ஒரு கோட்டை முழுதாக அறிந்தவர். இங்கே ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும், இன்னொருவர் கைமுனை மட்டும். வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் இந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைக்காமல் திரண்ட கூட்டம். நகரம் நின்றது. இரண்டாம் நாளே அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றது. உலகக் கடைகளில் தொங்கும் சட்டைகளின் லேபிளில் ஊர்ப்பெயர்கூட இருக்காது, நாட்டின் பெயர் மட்டுமே இருக்கும். தைத்தவர்கள் யார் என்று அந்த இரண்டு நாள் பெங்களூருக்குத் தெரிந்தது.

இன்று சிவாஜிநகர்ச் சந்துகளில் தமிழ் கேட்கும் தையல் கடைகள் குறைந்துவிட்டன. கல்யாண சீசனில் ரவிக்கைக்குப் போனால், அளவு எடுப்பவர் நம்மவராக இருக்கலாம். உள்ளே சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி வேலை செய்கிறவர்கள் வங்காளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த இளைஞர்கள். ஒரு அறையில் ஆறேழு பேர் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். கன்னடம் இன்னும் வரவில்லை. 'கழுத்து', 'கை', 'நாளைக்கு' என்று மூன்று தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.