உதைக்கும் துப்பாக்கியை அடக்கியவர்கள்



திருவிழாவில் பலூன் சுடும் கடை முன்னால் நாம் எல்லோரும் ஒருமுறையாவது நின்றிருப்போம். கடைக்காரர் ஏர் கன்னின் குழலை மடக்கி, சின்ன ஈயக் குண்டு ஒன்றைப் போட்டுக் கையில் கொடுப்பார். நாம் சரியாகத்தான் குறி பார்ப்போம். குண்டு பக்கத்தில் எங்கேயோ போகும். "கை ஆடுது தம்பி" என்பார் அவர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி துப்பாக்கிக்கு உள்ளே இருக்கிறது. அந்த மீதிப் பாதியைச் சரிசெய்ய மனிதர்கள் பட்ட பாட்டைத்தான் இன்று எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கிக்குள் வலுவான ஸ்பிரிங் ஒன்றும், அதற்கு முன்னால் ஒரு பிஸ்டனும் இருக்கும். குழலை மடக்கும்போது ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். வகுப்பில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? பிஸ்டன் முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் நகர வேண்டும். பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுபடும். ஒரே சுடுதலில் இரண்டு உதை! போதாததற்கு ஸ்பிரிங் விரியும்போது துப்பாக்கியைச் சற்று முறுக்கும். 'டங்' என்று அதிரவும் செய்யும்.

குண்டின் எடை ஏறக்குறைய அரை கிராம்தான். பிஸ்டனோ அதைப்போலப் பல நூறு மடங்கு கனம். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்தக் கனமான பொருளின் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. பெரிய வேட்டைத் துப்பாக்கிகளின் உதையைத் தாங்கும் தொலைநோக்கிகள்கூட இந்தச் சாதாரண ஏர் கன்னில் பொருத்தினால் பழுதாவது உண்டு. காரணம், அவை பின்னால் வரும் உதைக்கு மட்டுமே செய்யப்பட்டவை. முன்னால் வரும் இரண்டாவது உதையை அவை எதிர்பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். துப்பாக்கியின் நீளத்தை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் ஊன்றிய முனை அசையாமல் இருக்க, மறு முனை 0.1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு 1 மில்லிமீட்டர் விலகும். ஒத்த முக்கோணங்கள்தான். இன்றைய போட்டி இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கு உரிய நடுப்புள்ளியின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்!

இந்தச் சிக்கல் துப்பாக்கிக்கு மட்டும் உரியதல்ல. பழைய பீரங்கிகள் ஒவ்வொரு முறை சுட்டதும் சக்கரத்தோடு பின்னால் துள்ளும். மறுபடி தள்ளிவந்து மறுபடி குறி பார்க்க வேண்டும். 1897-ல் பிரெஞ்சு ராணுவம் கொண்டுவந்த 75 மில்லிமீட்டர் பீரங்கியில் குழல் மட்டும் தனியாகப் பின்னால் வழுக்கிப்போய், எண்ணெயும் காற்றும் அடைத்த உருளையின் உதவியால் பழைய இடத்துக்கே திரும்பியது. வண்டி அசையவில்லை. உதையைத் தடுக்காமல், அது போவதற்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்தார்கள்.

இனி ஜெர்மனிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் ஆயுதம் செய்யத் தடை வந்தது. ராஸ்டாட் நகரில் டயானா ஏர் கன் செய்துவந்த தொழிற்சாலையின் இயந்திரங்களும், அந்தப் பெயரும்கூட, ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஓபர்ன்டார்ஃப் நகரில் இருந்த புகழ்பெற்ற மவுசர் ஆயுதத் தொழிற்சாலையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரித்துப் போட்டார்கள். கைத்திறன் மிக்க பொறியாளர்கள் வேலையிழந்து நின்றார்கள். 1950 வாக்கில் ஏர் கன் செய்ய அனுமதி கிடைத்ததும், அந்தத் திறமை முழுவதும் இந்தச் சின்னத் துப்பாக்கியின் பக்கம் திரும்பியது.

அதிலிருந்து இரண்டு தீர்வுகள் பிறந்தன. ஒன்று, டயானாவின் கிஸ் முறை. குர்ட் கிஸ் என்பவரின் யோசனை அது. ஒரு பிஸ்டன் முன்னால் பாயும் அதே நேரத்தில் இன்னொரு பிஸ்டன் பின்னால் பாயும். இரண்டையும் பல்சக்கரம் இணைத்திருக்கும். இரண்டு உதையும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். அருமையான யோசனைதான். ஆனால் உள்ளே பாகங்கள் அதிகம். பழுதானால் சரிசெய்வது கடினம்.

இன்னொன்று, மவுசரிலிருந்து வந்த கார்ல் வெஸ்டிங்கர், எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கர் இருவரும் ஓபர்ன்டார்ஃபில் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்தின் வழி. குழலும் பிஸ்டனும் உள்ள பகுதியை மரக்கட்டையோடு இறுக்காமல், தண்டவாளம் போன்ற தடத்தில் உட்கார வைத்தார்கள். விசையை இழுத்ததும் பூட்டு விடுபடும். மேல்பகுதி மட்டும் தன் நேர்கோட்டிலேயே சில மில்லிமீட்டர் வழுக்கும். தோளில் இருக்கும் கட்டைக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. 1960களில் வந்த இந்தத் துப்பாக்கிகள் போட்டிகளில் கோலோச்சின. 1966-ல் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் 10 மீட்டர் ஏர் ரைபிள் இடம்பிடித்தது.

இதை எழுதத் தூண்டியதே என் பழைய மாணவர் ஒருவரின் தொலைபேசி அழைப்புதான். "சார், பொண்ணு ஏர் ரைபிள் கத்துக்கப் போறா. பழைய ஸ்பிரிங் துப்பாக்கிதான் இருக்கு. குண்டு தப்பினா, கையில உறுதி இல்ல, இன்னும் இறுக்கிப் பிடின்னு சொல்றாங்களாம். எனக்கு வராதுப்பான்னு அழறா" என்றார். நான் சொன்னது இதுதான்: இறுக்கிப் பிடித்தால் உதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். துப்பாக்கி விரித்த உள்ளங்கையில், எப்போதும் ஒரே இடத்தில், லேசாக உட்காரட்டும். அது போகிற போக்கில் போகட்டும். கட்டையின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல். குழந்தையை அப்புறம் குறை சொல்லலாம்.

அதன் பிறகு, சுடும்போது பாயும் அந்தப் பிஸ்டனையே ஒழித்துவிட்டார்கள். 1970களில் வால்தர் நிறுவனம், நெம்புகோலை ஒரே முறை இழுத்துக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் ரைபிளைக் கொண்டுவந்தது. பின்னர் கார்பன் டை ஆக்சைடு உருளை வந்தது. வெப்பநிலை மாறினால் அதன் அழுத்தமும் மாறும். இன்று இருப்பது உயர் அழுத்தக் காற்று உருளை. வேடிக்கை என்னவென்றால், 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவத்துக்காக ஜிராண்டோனி செய்த துப்பாக்கியில் காற்றுக் கலம்தான் இருந்தது! இப்போது மிஞ்சியிருக்கும் இம்மியளவு உதைக்கும், எதிர்த்திசையில் நகரும் சின்ன எடை ஒன்றைச் சில ரைபிள்களில் வைக்கிறார்கள்.

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இது ஒலிம்பிக் போட்டியானது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதில்தான் தங்கம் வென்றார். நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். அவர்களின் உழைப்பு அவர்களுடையது. அந்த உழைப்பைக் கெடுக்காத கருவி கையில் இருந்தது, ஓபர்ன்டார்ஃபிலும் ராஸ்டாட்டிலும் தலையைக் குடைந்துகொண்ட பொறியாளர்களின் கொடை.

ஒரு பிள்ளையிடம் "உன் கை ஆடுகிறது" என்று சொல்வதற்கு முன், அந்தக் கையில் நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்று பார்த்துவிட வேண்டும். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நலமே விளைக.